மகளின் கடைவாய்ப்பல்: துளைக்காமலே சரிசெய்த விதம்

2021 ஓகஸ்ட் 20 இரவு கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டார்கள், அடுத்த நாள் காலை கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஐந்து வயது மகளுக்குப் பல்லுக்கொதி தொடங்கியது. டோர்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டை எதுவும் இல்லை. கராம்புத் தைலம், உப்புத்தண்ணீர், பனடோல் பாணி என்று நான்கு நாள் போனது. புதுப் பல் முளைக்கிறது என்று நினைத்து இன்னும் இரண்டு நாளை வீணாக்கினேன். துளைத்தால் எச்சில் நுண்துளியாகப் பறக்கும் என்பதால் கிளினிக்கிலும் அந்த வேலையை நிறுத்தியிருந்தார்கள்.

அப்புறம்தான் கவனித்தேன்: இரவில் வலி இல்லை, இறைச்சி சாப்பிட்டால் மட்டும் வருகிறது. கடைவாயில் இரண்டு பால்பற்களுக்கு நடுவே பல் நூலை விட்டு இழுத்தால், அந்த ஒரே இடத்தில் நூல் பிசிறு பிசிறாகக் கிழிந்து வந்தது. சொத்தை மேலே இல்லை, பக்கவாட்டில்!

இதைத் தொலைபேசியில் சொன்னதும் வேறொரு பல் டொக்டர், "தானாக வலிக்காத பல் என்றால் துளைக்காமலே மூடிப் பார்க்கலாம், கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். எக்ஸ்ரே எடுத்து, பற்களுக்கு இடையில் சின்ன நீல ரப்பர் வளையம் மாட்டிவிட்டார். சில நாள் கழித்து அதை எடுத்தபோது இடைவெளி விழுந்திருந்தது. கிளாஸ் அயனோமர் என்ற பல் ஒட்டும் சிமெந்து நிரப்பிய உருக்குத் தொப்பியைப் பல்லில் வைத்து, மகளையே கடித்து அழுத்தச் சொன்னார். ஊசி இல்லை, சுரண்டலும் இல்லை. ஹோல் (Hall) முறை என்று பெயராம். உள்ளே சீனி போகாததால் சொத்தை அப்படியே அடங்கிவிடும். வலி நின்றது, எங்களுக்குப் பெரிய நிம்மதி.

முதல் சில வாரம் அந்தப் பல் மட்டும் உயரமாக முட்டும், அது தானாகச் சரியாகிவிட்டது.