குளம் வற்றினாலும் படகு இறங்க வேண்டும்: வன்னியில் படகுக் கொட்டகை அமைப்பது எப்படி

துடுப்பு வலிக்கும் போட்டிப் படகுகளுக்குக் கொட்டகை கட்டப் படம் கீற உட்காருவதற்கு முதல் குளத்தை இரண்டு தரம் போய்ப் பாருங்கள். ஒன்று மார்கழியில் குளம் நிரம்பி, மிச்சத் தண்ணீர் வழியும் வான் பாயும்போது, மற்றது சிறுபோக (கோடை) நெல்லுக்குத் தண்ணீர் திறந்து முடிந்த பிறகு புரட்டாதியில். இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுப் படங்களில் கட்டடத்துக்கு முன்னால் வருடம் முழுக்க ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்கும். எங்கள் குளங்களில் மாரியில் தண்ணீர் நின்ற அலைகரையில் (கட்டுக்கு எதிரே உள்ள தட்டையான நீர்க்கரை) கோடையில் மாடு மேயும், அதனால் அந்தப் படங்களை அப்படியே எடுத்தால் அரைவாசி வருடம் சேற்றுக்குள்ளால் படகு காவ வேண்டி வரும்.

இடம் பார்ப்பதுதான் கஷ்டமான வேலை. அலைகரைப் பக்கம் நிலம் தட்டை. நூறடிக்கு ஓரடி சரிவு என்றால், தண்ணீர் ஓரடி இறங்க கரை நூறடி தள்ளிப் போய்விடும். கட்டுப் பக்கம் ஆழம் இருக்கும், ஆனால் குளக்கட்டில் பாரம் ஏற்றவோ கல்லைப் பெயர்க்கவோ யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. அதனால் கட்டு முடிந்து மேட்டுநிலத்தோடு முட்டும் மூலையைத் தேடுங்கள். அங்கே ஓரளவு ஆழமும் இருக்கும், கட்டும் தப்பும். வானும் துருசும் (தண்ணீர் திறக்கும் மதகு) பக்கத்தில் இல்லாத மூலையாக இருக்க வேண்டும், இழுவையில் படகு போனால் திருப்ப ஏலாது. இரணைமடு மாதிரிப் பெரிய குளம் என்றால் காற்றையும் பாருங்கள்: கட்டு வடக்கே இருப்பதால் வைகாசி தொடங்கிச் சோழகம் என்ற தெற்கத்திக் காற்று வீசும் மாதங்களில் அலை முழுக்க அங்கேதான் வந்து அடிக்கும். அந்தக் காலத்தில் காலை வெயில் ஏறுவதற்கு முன் ஓடி முடிப்பதுதான் புத்தி.

அனுமதிக்கு, பெரிய குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், சின்னக் குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். நந்திக்கடல், கொக்கிளாய் பக்கம் களப்பில் செய்ய யோசித்தால் கரையோரப் பாதுகாப்பு, வனஜீவராசிகள் என்று வரிசை நீளும். கடதாசி போட முதல் கமக்கார அமைப்போடும் நன்னீர் மீன்பிடிச் சங்கத்தோடும் இருந்து கதையுங்கள், வலை போடும் இடத்தை அவர்களே காட்டுவார்கள். அத்திவாரம் வெட்டும் காணி கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்ததா என்பதை எழுத்தில் வாங்காமல் மண்வெட்டியே எடுக்க வேண்டாம்.

கொட்டகையின் தள மட்டத்துக்கு வான் மட்டம் மட்டும் போதாது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஊர்ச் சனத்திடம் கேட்டு, அதற்கு மேலே இரண்டடியாவது உயர்த்துங்கள்.

இனி உள்ளே. எட்டுப் பேர் வலிக்கும் போட்டிப் படகு 17, 18 மீற்றர் நீளம், ஒற்றை ஆள் படகு எட்டு மீற்றரை ஒட்டி. எட்டுப்பேர் படகு இன்றைக்கு வேண்டாம், நாலுபேர் படகு 13 மீற்றரை ஒட்டி வரும், 15 மீற்றர் நீளக் கொட்டகை காணும். பின்சுவரை மட்டும் பிறகு நீட்டக்கூடிய மாதிரி விடுங்கள். வாசல் 12 அடி அகலம், தண்ணீரை நேரே பார்த்து, முன்னால் படகைச் சுழற்ற அதன் நீளத்துக்கும் கூடிய வெளி. படகு அடுக்கும் தாங்கிகளுக்கு கல்வனைஸ் குழாயைத் தூணிலிருந்து கை மாதிரி நீட்டி, பழைய டயர் ரியூப்பைச் சுற்றுங்கள், படகின் தோல் முட்டை ஓடு மாதிரி மெல்லிசு. தகரக் கூரைக்கு நேர் கீழே படகு வைக்க வேண்டாம், பக்கச் சுவரில் கிறில் போட்டுக் காற்றை விடுங்கள்.

படகில் ஏறி இறங்கும் மிதவையில்தான் பலர் பிழை விடுகிறார்கள். நீலப் பிளாஸ்ரிக் பரலைக் கட்டி மேலே பலகை அடித்தால் மீன்பிடிப் படகுக்குச் சரி, போட்டிப் படகுக்குச் சரிவராது. அந்தப் பரலின் விட்டம் கிட்டத்தட்ட இரண்டடி, பாதி தாழ்ந்தாலும் பலகை தண்ணீருக்கு மேலே ஓரடிக்குக் கூட நிற்கும், துடுப்புத் தாங்கும் கம்பி பலகையில் முட்டும். ஆறு ஏழு அங்குலம்தான் வேண்டும். தட்டையான ரெஜிபோம் (தெர்மோகோல்) கட்டிகளைப் பொலித்தீனால் சுற்றிச் சட்டத்துக்குள் வையுங்கள். 10 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகல மிதவையில் எண்ணூறு கிலோ ஏறினாலும் அது மூன்று சென்ரிமீற்றர் கூடத் தாழாது. எல்லாரும் ஒரே ஓரத்தில் நிற்காத வரைக்கும். நங்கூரக் கயிற்றை நீளமாக விட்டு, தண்ணீர் இறங்க இறங்க மிதவையை இழுத்து வெளியே தள்ளுங்கள். கரைக்கும் மிதவைக்கும் இடையில் கழற்றிப் பூட்டும் நடைபலகைத் துண்டுகள், சேர்த்துக்கொண்டே போகலாம்.

படகு வலிக்காத சனத்துக்கும் இடம் வேண்டும், இல்லாவிட்டால் இது நாலு பெடியளின் கொட்டிலாகவே போய்விடும். முன்னால் அகலமான விறாந்தை, பெண் பிள்ளைகளுக்குத் தனி வாசலோடு உடுப்பு மாற்றும் அறை, மிதப்புச் சட்டைகள் தொங்க ஒரு சுவர். முதலை நடமாடும் இடங்களுக்கு அறிவிப்புப் பலகை. ஐப்பசியில் பின்னேர இடிமுழக்கம் கேட்டால் யாரும் தண்ணீரில் இருக்கக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

காசு குறைவு என்றால் மிதவை, தளம், கூரை, தாங்கி, இந்த வரிசையில் செய்யுங்கள். சுவருக்குப் பதிலாக ஒரு வருடத்துக்குக் கிடுகு காணும்.