பூட்டிய பிறகும் காருக்குள் விளக்கு எரிகிறதா?

பூட்டியவுடன் அணையாவிட்டால் பதற வேண்டாம். பல கார்களில் உள்விளக்கு சில நொடிகள் எரிந்து, மெல்ல மங்கித்தான் அணையும். அரை நிமிடம் நின்று பாருங்கள். பிறகும் எரிந்தால் கூரை விளக்கின் சுவிட்சைக் கவனியுங்கள். கதவைத் திறந்தால் மட்டும் எரியும் நிலையில் அது இருக்க வேண்டும். பின்னிருக்கைப் பிள்ளைகள் தட்டிவிட்டிருப்பார்கள்.

சுவிட்ச் சரியென்றால் கதவுகளையும், முக்கியமாக டிக்கியையும், திறந்து அழுத்தி மூடுங்கள். குறுவை, சம்பா அறுவடையில் களத்துக்குப் போய்வந்த வண்டியில் வைக்கோல் துரும்பும் காய்ந்த சேறும் பூட்டுக்குள் அடைந்திருக்கும். சில கார்களில் கதவுச் சட்டத்தில் ரப்பர் மூடிய சிறு பித்தான் உண்டு. மற்றக் கதவுகளை மூடிவிட்டு அதை விரலால் அழுத்துங்கள். விளக்கு அணைய வேண்டும். அழுத்தியும் அணையாவிட்டால் பித்தானைச் சுத்தம் செய்யுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இது எளிதில் துருப்பிடிக்கும்.

5 வாட் பல்பு 12 வோல்ட் பேட்டரியில் சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேரத்தில் 4 ஆம்பியர்-மணி. புதிய பேட்டரி தாங்கும். பழையது காலையில் கைவிட்டுவிடலாம். மெக்கானிக் பார்க்கும்வரை சுவிட்சை முழுவதும் அணைத்தே வையுங்கள்.