சாம்பாரில் பூச்சி என்று வீடியோ பரவினால் ஹோட்டல்காரர் செய்ய வேண்டியவை

ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குழுக்களில் வீடியோ சுற்ற ஆரம்பித்தால், விடிந்ததும் லோக்கல் சேனல் நிருபர் போன் செய்வார். அதற்குள் சில வேலைகளை முடித்துவிடுங்கள்.

முதலில் சமையலறை. அந்தச் சாம்பாரைப் பரிமாறுவதை நிறுத்துங்கள். ஆனால் கீழே கொட்டிவிடாதீர்கள். கொட்டினால் தடயத்தை அழித்துவிட்டார்கள் என்றுதான் ஊர் பேசும். சுத்தமான டப்பாவில் கொஞ்சம் எடுத்து மூடி, தேதி, நேரம் எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள். சிசிடிவி பதிவு அழிவதற்குள் நகல் எடுங்கள். பருப்பு, காய்கறி வாங்கிய பில்களும் கையில் இருக்கட்டும்.

அடுத்து வாடிக்கையாளர். முதலாளியே நேரில் பேசி மன்னிப்புக் கேட்க வேண்டும். சாப்பாட்டுக் காசைத் திருப்பித் தரலாம். வீடியோவை நீக்கச் சொல்லிப் பணம் பேசவே பேசாதீர்கள். அந்தப் பேச்சு பதிவாகி வெளியே வந்தால், பூச்சியைவிடப் பெரிய செய்தி அதுதான்.

"எங்கள் கடையில் வாய்ப்பே இல்லை" என்று எடுத்த எடுப்பில் மறுப்பதும், அடுத்தவர் மேல் பழி போடுவதும் பெயரை இன்னும் கெடுக்கும். 2003-ல் கேட்பரி சாக்லேட்டில் புழு இருந்ததாகப் புகார் வந்தபோது, கடைகளில் சரியாக வைக்காததே காரணம் என்றது நிறுவனம். மகாராஷ்டிர அதிகாரிகளோ பேக்கிங்கைக் குறை சொன்னார்கள். பிறகு உறையையே மாற்ற வேண்டிவந்தது.

அறிக்கை இவ்வளவு போதும்: "நேற்று மதியம் நாங்கள் பரிமாறிய சாம்பாரில் பூச்சி இருந்ததாக ஒரு வாடிக்கையாளர் தெரிவித்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அந்தச் சாம்பாரை நிறுத்திவிட்டோம். சமையலறையைச் சோதித்து, இன்று மாலை 5 மணிக்கு விவரம் சொல்கிறோம்." காரணத்தை ஊகித்து எழுத வேண்டாம். சொன்னபடி 5 மணிக்குச் சொல்லிவிடுங்கள், சோதனை முடியாவிட்டாலும். நிருபர்களிடம் ஒருவர் மட்டும் பேசட்டும். கல்லாவில் இருப்பவர் ஒன்று, சப்ளையர் ஒன்று சொன்னால் இரண்டும் செய்தியாகும்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்தால் அதை நான்கு பங்காகப் பிரிப்பார். ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பலரும் இதைக் கேட்பதே இல்லை. பகுப்பாய்வு அறிக்கை பாதகமாக வந்தால், கிடைத்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் (உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு மேலே உள்ள அதிகாரி) மேல்முறையீடு செய்யலாம். எந்த ஆய்வகம் என்பது முக்கியம்: 2015 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் மேகி மீதான தடையை ரத்து செய்ய, முறையான அங்கீகாரமில்லாத ஆய்வகங்களில் சோதித்ததும் ஒரு காரணம். அப்படியும் மேகி கடைகளுக்குத் திரும்ப நவம்பர் ஆனது.

கூகுளில் வரும் மோசமான விமர்சனம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். காசு கொடுத்து ஐந்து நட்சத்திரம் வாங்காதீர்கள்; ஒரே நாளில் இருபது வந்தால் பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும். குறையைச் சரிசெய்த பிறகு, செய்தி போட்ட அதே நிருபரைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் காட்டுங்கள்.