‘எங்கள் ஊரில் யார் யார்?’ என்று எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊர்ப் பள்ளியின் நூற்றாண்டு மலருக்கு ‘ஊரும் மக்களும்’ என்ற கட்டுரையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே, தாமிரபரணிக் கால்வாயை நம்பிப் பயிர் செய்யும் ஊர். இரண்டு பக்கம்தானே என்று ஒப்புக்கொண்டேன். முடிக்க ஆறு மாதம் ஆயிற்று. அதில் பாதி நாள், நான் முதலில் எழுதியதைத் திருத்துவதிலேயே போயிற்று. இப்போது பல ஊர்களில் கோயில் மலர், ஊர் வரலாறு என்று இளைஞர்கள் எழுதுகிறார்கள். நல்ல வேலை. அவர்கள் இடறக்கூடிய இடங்களைச் சொல்லத் தோன்றுகிறது. ஏனென்றால் இதில் நேரும் தவறு பக்கத்துத் தெருக்காரரைப் புண்படுத்தும்.

முதல் இடறல் ‘இனம்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. அமெரிக்கச் சிற்றூர் ஒன்றைப் பற்றிய குறிப்பில் வெள்ளையர் இத்தனை விழுக்காடு, கறுப்பினத்தவர் இத்தனை விழுக்காடு என்று இருக்கும். அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பே அதைக் கேட்கிறது. நம் கணக்கெடுப்பில் அந்தக் கேள்வி கிடையாது. 2011இல் நம்மிடம் கேட்டவை மதம், பட்டியல் சாதியா பழங்குடியா, தாய்மொழி, தெரிந்த பிற மொழிகள் என்பவை. விண்ணப்பப் படிவத்தில் ‘இனம்’ என்ற கட்டத்தில் பி.சி., எம்.பி.சி. என்று எழுதுகிறோமே, அது இடஒதுக்கீட்டுப் பிரிவு. மேடையில் சொல்லும் ‘தமிழினம்’ மொழி சார்ந்த உணர்வு. இவற்றை ஒன்றாகக் கட்டினால் கட்டுரை முதல் வரியிலேயே சாய்ந்துவிடும். ‘திராவிட இனம்’ என்று ஊர்க்காரர்களின் நிறத்தையும் மூக்கையும் வருணிப்பதும் அப்படித்தான். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் எடுத்துக்காட்டியது ஒரு மொழிக் குடும்பத்தை.

எண்ணுக்கு முன் எல்லை

2011 கணக்கின்படி திருநெல்வேலி மாவட்டத்தின் மக்கள்தொகை 30.77 லட்சம். இன்றைய மாவட்டத்துக்கு இந்த எண்ணை அப்படியே எழுதுகிறவர்கள் ஏராளம். 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானது. சங்கரன்கோவில், கடையநல்லூர், செங்கோட்டை எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. இன்றைய மாவட்டத்துக்குள் இல்லை. 1986க்கு முன்பு தூத்துக்குடியும் நம்மோடுதான் இருந்தது. எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கு 1931இல் எடுத்தது. அதில் செங்கோட்டையைத் திருநெல்வேலிப் பக்கங்களில் தேடினால் கிடைக்காது. அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம், 1956இல்தான் நம்மிடம் வந்தது.

ஊர் அளவில் சிக்கல் இன்னும் நுட்பமானது. கணக்கெடுப்பு ‘கிராமம்’ என்று சொல்வது வருவாய்க் கிராமத்தை. அதற்குள் நான்கைந்து குடியிருப்புகள் இருக்கும். எங்கள் வருவாய்க் கிராமத்தின் எண்ணை மட்டும் பார்த்தால் எல்லாரும் கலந்து வாழும் ஊர் என்று தோன்றும். நானும் ‘பல சமூகத்தினரும் ஒன்றாக வாழ்கிறார்கள்’ என்று எழுதியிருந்தேன். மலர்க்குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அந்த வரியை அடித்துவிட்டு, ஒரு மாலை என்னை நடக்க அழைத்துப்போனார். கால்வாய்க்கு இக்கரையில் ஒரு சமூகம், அக்கரையில் இன்னொன்று. இரண்டு தண்ணீர்த் தொட்டி, இரண்டு சுடுகாடு. சராசரிக்குள் அந்தக் கால்வாய் தெரியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிராம அளவில் கிடைக்கும் அட்டவணையில் வீடுகள், ஆண் பெண் எண்ணிக்கை, பட்டியல் சாதி, பழங்குடி, எழுத்தறிவு, தொழில் இருக்கும். மதமும் தாய்மொழியும் இருக்காது. ‘எங்கள் கிராமத்தில் கிறிஸ்தவர் இத்தனை விழுக்காடு’ என்று யாராவது துல்லியமாகச் சொன்னால், அது தாலுகா எண்ணா, வாய்க்கணக்கா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

திருநெல்வேலிச் சீமையில் பெரிய தவறு பட்டியல் சாதி எண்ணில்தான் நேர்கிறது. அந்த எண்ணை ஊரின் தலித் மக்கள்தொகை என்று எடுத்துக்கொள்கிறோம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியில் சேர முடியும். சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவராக மாறிய தலித் குடும்பம் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறது. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற பெண்மணி 1785இல் கிறிஸ்தவக் கோயில் கட்டிய காலம் தொட்டு மிஷன் வேலை நடந்த மண் இது. ஒரே தெருவில் அண்ணன் வீடு பட்டியல் சாதிக் கணக்கிலும் தம்பி வீடு கிறிஸ்தவர் கணக்கிலும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பெண் எடுப்பது, கொடுப்பது, சாவு வீட்டில் நிற்பது எல்லாம் ஒன்று. தாள் மட்டும் இரண்டு. பழங்குடிப் பட்டியலுக்கு இந்த மத வரம்பு கிடையாது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

பெயரைப் பார்த்து ஊகிப்பது

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று கடலோரமாகப் போனால் பெர்னாண்டோ, ரொட்ரிகோ, மச்சாடோ என்ற பெயர்கள் கிடைக்கும். போர்த்துகீசிய வம்சாவளி என்று எழுதிவிடாதீர்கள். இந்தக் கரையின் பரதவர்கள் 1530களில் கத்தோலிக்கம் தழுவினார்கள். சவேரியார் வந்தது 1542இல். ஞானஸ்நானத்தோடு வந்த பெயர்கள் அவை, இரத்தத்தோடு வந்தவை அல்ல. கடலில் அந்தக் குடியின் தொன்மை சங்கப் பாட்டிலேயே இருக்கிறது.

பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் முஸ்லிம் வீடுகளில் ‘வாப்பா’, ‘உம்மா’ என்று காதில் விழுந்ததும் உருது பேசுகிறவர்கள் என்று முடிவு கட்டுவதும் இதே வகை. அந்த இரண்டும் உருதுச் சொற்களே அல்ல. மீதிப் பேச்சு முழுவதும் நெல்லைத் தமிழ். மறுபக்கம், வீரவநல்லூரில் தறி நெய்யும் வீடுகளில் வாசலில் நம்மோடு தமிழில் பேசுவார்கள், உள்ளே திரும்பிச் சௌராஷ்டிரத்தில் காபி போடச் சொல்வார்கள். கணக்கெடுப்பின் மொழி அட்டவணை சௌராஷ்டிரத்தைக் குஜராத்தியின் கீழ் வைக்கிறது. அதை மட்டும் பார்த்து ‘குஜராத்தி வணிகர்கள்’ என்று எழுதினால், தலைமுறை தலைமுறையாக இங்கே நெய்து வாழும் குடும்பங்களைக் கட்டுரை தொலைத்துவிடும்.

காணியும் கணியானும்

என் முதல் படியில் இருந்த மிக மோசமான பிழை இது. ‘மகுடம் அடிக்கும் காணிப் பழங்குடியினர்’ என்று எழுதியிருந்தேன். மகுடம் என்பது கணியான் கூத்தில் அடிக்கும் தோல்பறை. காணிகள் பாபநாசம் மலையில், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் குடியிருப்பவர்கள். கணியான்கள் சமவெளி ஊர்களில் வாழ்பவர்கள். சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களில் கணியான் கூத்து நடத்துபவர்கள். இரண்டு பெயரும் பழங்குடிப் பட்டியலில் உண்டு, தனித்தனி வரிசையில். காணிகளைக் குறிக்கும் காணிக்காரர் என்ற பெயர் எந்த மாவட்டத்தில், எந்த வட்டங்களில் செல்லும் என்று எல்லை குறித்தே அங்கே இருக்கிறது.

பிழையைச் சொன்னவர் கணியான் கூத்தை நடத்தும் ஓர் அண்ணாவி. ஊர்க் கொடையின் நள்ளிரவு இடைவேளையில், கோயிலுக்குப் பின்னால் காய்ந்த ஓலையைக் கொளுத்தி மகுடத்தைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். தோலை விரலால் சுண்டிப் பார்ப்பார், மறுபடி தீயில் காட்டுவார். நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். “ஐயா, மலைக்கு நான் காரையாறு சொரிமுத்தையன் கோயிலுக்குப் போனதோடு சரி” என்றார். “எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாம் இந்த வயல்காட்டு ஊர்தான்.” பழங்குடி என்றால் காடு என்று நான் எண்ணியிருந்தது அந்த ஓலைத் தீ வெளிச்சத்தில்தான் எனக்கே தெரிந்தது.

இதற்கு எதிர்ப்பிழை மாஞ்சோலை. மலையில் வாழ்ந்ததால் அந்தத் தேயிலைத் தோட்டத்து மக்களை மலைவாழ் பழங்குடி என்று எழுதிவிடுகிறார்கள். சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் தேயிலைத் தோட்ட வேலைக்கு ஏறிய குடும்பங்களின் வழிவந்தவர்கள் அவர்கள்.

சிறிய எண்ணில் விழுக்காடு போடுவதைக் கூடுமானவரை தவிருங்கள். 120 பேர் இருக்கும் குடியிருப்பில் ஆறு பேர் கொண்ட ஒரு வீடு திருப்பூருக்குக் குடிபெயர்ந்தால் ஐந்து விழுக்காடு மறைந்துவிடும். செட்டிகுளம் போல அணுமின் நிலையக் குடியிருப்பு உள்ள இடத்தில் பல மாநிலத்தவர் ஒரே பணியிட மாறுதல் ஆணையில் வருவார்கள், போவார்கள். அதைவிட முக்கியம்: ஊரில் ஒரு சமூகத்தில் ஒரே ஒரு வீடுதான் என்றால், அதைத் தனி வரியாக அச்சிடுவது அந்த வீட்டைக் கைகாட்டுவதற்குச் சமம். அவர்களைக் கேட்காமல் செய்யக் கூடாது. எங்கள் மலரில் அப்படி இரண்டு வீடுகள். ஒருவர் போடச் சொன்னார், ஒருவர் வேண்டாம் என்றார். அப்படியே செய்தோம்.

கடைசியாகப் பெயர்கள். பழைய ஆவணத்தில் இருப்பதைப் பெயர்த்து எழுதுவது பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். ‘நாடார்’ என்ற பெயரை அரசு ஏற்றது 1921 கணக்கெடுப்பில். அதற்கு முந்தைய பதிவுகளில் இருந்த பெயரை அம்மக்கள் இழிவென்று கண்டு போராடி மாற்றினார்கள். 2021இல் நாடாளுமன்றச் சட்டம் பட்டியலில் தனித்தனியே கிடந்த ஏழு பெயர்களைத் ‘தேவேந்திரகுல வேளாளர்’ என்ற பெயரின் கீழ் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

எங்கள் மலரின் அச்சுப்படியில் அந்தச் சொல் நான்கு இடத்தில் இருந்தது. படியை எடுத்துக்கொண்டு கால்வாயின் அக்கரைக்குப் போனேன். திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். “எங்கள் தெருவுக்குப் பெயர் இருக்கிறதே, ஐயா. என் மாமனார் காலத்திலேயே வைத்த பெயர். யாரும் கேட்கவில்லை” என்றார். பேத்தி என் பேனாவை வாங்கி, நான்கு இடத்திலும் அந்தப் பெயரை அவள் கையாலேயே எழுதினாள்.