ஜிஆர்இ மதிப்பெண் குறைவா? பொருளாதார பிஎச்டிக்கு இப்படி விண்ணப்பியுங்கள்

மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிஆர்இயின் கணிதப் பகுதி, அதாவது குவான்ட்டில், 170-க்கு 159 வந்துவிட்டது, இனி அமெரிக்காவில் பொருளாதார பிஎச்டி அவ்வளவுதான் என்று மூட்டை கட்டிவிடாதீர்கள். அந்த எண்ணை வைத்து சேர்க்கைக் குழு எதைத் தேடுகிறது என்று முதலில் பாருங்கள். முதல் வருடம் மைக்ரோ, மேக்ரோ, எக்கனாமெட்ரிக்ஸ் மூன்றிலும் கணிதம்தான் நிறைந்திருக்கும், பல துறைகளில் அதன் முடிவில் தகுதித் தேர்வும் உண்டு. இந்த மாணவர் அதைத் தாண்டுவாரா என்பதுதான் அவர்களுடைய கவலை. குவான்ட் அதற்கு ஒரு மேலோட்டமான சான்று. ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் வெர்பலிலும் கட்டுரையிலும் சறுக்கியிருந்தால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அவற்றுக்கு அவ்வளவு எடை கிடையாது.

சரி, மறுபடி எழுதலாமா? குவான்ட் 160-ஐ ஒட்டி இருந்து, இரண்டு மாதம் கையில் இருந்தால் எழுதுங்கள் என்பேன். 21 நாள் இடைவெளி வேண்டும், 12 மாதத்துக்குள் 5 முறை வரை எழுதலாம், எந்தத் தேதியின் மதிப்பெண்ணை அனுப்புவது என்பது உங்கள் விருப்பம். குவான்ட்டின் முதல் பகுதியில் 21 நிமிடத்துக்கு 12 கேள்விகள். அதில் நீங்கள் செய்வதைப் பொறுத்துத்தான் இரண்டாம் பகுதி எளிதா கடினமா என்று அமையும், அதனால் முதல் பகுதியில் கவனக்குறைவாக விடும் தப்பு இரட்டிப்பாக அடிக்கும். ஒரு எண், அதன் வர்க்கம், இரண்டில் எது பெரிது என்று கேட்டால் கை தானாக வர்க்கத்தைத் தொடும், அந்த எண் அரையாக இருக்கலாம் என்பது வெளியே வந்த பிறகுதான் உறைக்கும். பயிற்சியில் ஒவ்வொரு தப்புக்குப் பக்கத்திலும் 'தெரியாது', 'அவசரம்', 'தப்பாகப் படித்தேன்' என்று எழுதி வையுங்கள், எதைத் திருத்த வேண்டும் என்று இரண்டே வாரத்தில் தெரிந்துவிடும்.

ஆனால் இதைவிடப் பெரிய சான்று உங்கள் மார்க் ஷீட்டில் இருக்கிறது. ரியல் அனாலிசிஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, நிகழ்தகவு ஆகியவற்றில் நல்ல கிரேடு வாங்கியவரின் 159-ஐ யாரும் அதே கண்ணால் பார்ப்பதில்லை. ரியல் அனாலிசிஸ் எடுக்கவில்லையா? விண்ணப்பத்துக்கு முன் எப்படியாவது எடுத்துவிடுங்கள், நிரூபணம் எழுதத் தெரிகிறதா என்பதை அதுபோலக் காட்டும் பாடம் வேறில்லை.

அப்புறம் பரிந்துரைக் கடிதங்கள். பெரும்பாலும் மூன்று கேட்பார்கள், என் கணக்கில் விண்ணப்பத்தின் உயிர் அங்கேதான். "வகுப்பில் நன்றாகப் படித்தார்" என்ற கடிதம் ஒன்றும் செய்யாது. "தரவில் இருந்த பிழையை இவரே கண்டுபிடித்து, ரெக்ரஷனை மாற்றி ஓட்டிக் காட்டினார்" என்று எழுத ஒரு பேராசிரியருக்கு வாய்ப்புக் கொடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒன்றிரண்டு வருடம் பிரீடாக், அதாவது பிஎச்டிக்கு முன் செய்யும் முழுநேர ஆய்வு உதவியாளர் வேலை பாருங்கள். அத்தகைய இடங்களை அமெரிக்கப் பொருளாதார ஆய்வு அமைப்பான என்பிஇஆர் தன் தளத்தில் தொகுத்துப் போடுகிறது. பார்சிலோனா, துலூஸ், மாட்ரிட்டின் செம்ஃபி போன்ற இடங்களின் முதுகலைப் படிப்பும் பிஎச்டிக்கு நல்ல படிக்கட்டு.

நோக்க அறிக்கையில் குறைந்த மதிப்பெண்ணுக்குச் சமாதானம் சொல்லி ஒரு பத்தியை வீணாக்காதீர்கள். உண்மையான காரணம் இருந்தால் கடிதம் எழுதும் ஒருவர் இரண்டு வரியில் சொல்லட்டும், உங்கள் வாயால் வந்தால் சாக்காகத்தான் கேட்கும். அந்த இடத்தில் உங்கள் ஆய்வுக் கேள்வியை எழுதுங்கள்.

பட்டியல் போடும்போது ஒவ்வொரு துறையின் பக்கத்தையும் திறந்து ஜிஆர்இ கட்டாயமா, விருப்பமா, ஏற்பதே இல்லையா என்று பாருங்கள், இது வருடத்துக்கு வருடம் மாறுகிறது. விருப்பம் என்றால் பலவீனமான மதிப்பெண்ணை அனுப்ப வேண்டாம். கூடவே பெர்க்லி, டேவிஸ், விஸ்கான்சின், மினசோட்டாவில் உள்ள வேளாண் மற்றும் பயன்பாட்டுப் பொருளாதார பிஎச்டிகளையும் பாருங்கள், வளர்ச்சி, சுற்றுச்சூழல் பக்கம் ஆர்வம் இருந்தால் அங்கே அருமையான ஆட்கள் இருக்கிறார்கள். கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பரில் வரும். கடிதம் கேட்பதை செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள், கேட்கும்போது உங்கள் சிவியையும் அவருக்காகச் செய்த வேலையின் ஒரு பக்கக் குறிப்பையும் சேர்த்தே அனுப்புங்கள்.