தவக்காலத்துக் கணக்குகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலம் பிறந்தால் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வீடுகளில் முதலில் கேட்பது, "இண்டைக்கு மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடலாமோ?" கேள்வியில் பிழையில்லை. பதில் கிடைத்ததும் பக்தியும் முடிந்துபோவதுதான் பிழை.

சட்டம் சொல்வது கொஞ்சம்தான். ஒருசந்தி, அதாவது ஒருநேர நோன்பு, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும். 18 வயது நிறைந்தவர் முதல் 59 நிறையும்வரை. ஒருநேரம் வயிறாரச் சாப்பிடலாம். மற்ற இருநேரமும் சேர்ந்தாலும் ஒரு முழுச் சாப்பாடாகக் கூடாது. சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்த்தல், 14 வயது நிறைந்தவர்களுக்கு: இறைச்சி கூடாது, மீன் கூடும். ஆகவே வெள்ளிக்கிழமை ஆட்டிறைச்சியை விட்டு, பாசையூர் நண்டும் இறாலும் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சினால் சட்டம் மீறப்படவில்லை. ஆனால் எதை ஒறுத்தோம்? எசாயா 58ஆம் அதிகாரத்தில் நோன்பு என்பது பசித்தவரோடு உணவைப் பகிர்வது. இறைச்சிக்குப் போகிற காசை அன்றைக்கே உண்டியலில் போடுங்கள். ஈஸ்டருக்குக் கிட்டப் பார்க்கலாமென்று விட்டால் அது வீட்டுச் செலவோடு கரைந்துவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவர்கள், ஒருசந்தியை விட்டால் பாவமென்று வெறும் வயிற்றோடு சிலுவைப்பாதையின் 14 நிலைகளுக்கும் நின்று தலைசுற்றி விழுகிறார்கள். நோயாளரையும் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் திருச்சபை இதற்குக் கட்டாயப்படுத்துவதில்லை.

நேர்த்திதான், கடவுளுக்குக் கொடுக்கிற வாக்குத்தான், பெரிய சிக்கல். "மகன் கனடா போய்ச் சேர்ந்தால் மடுவுக்குக் கூட்டிவாறன், மாதாவே" என்று மடு மாதா கோயிலுக்குத் தாய் நேருகிறார். மகனுக்கு வர வசதிப்படவில்லை. பிறகு அவனுக்கு வேலை போனாலும் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் "நேர்த்தி கிடக்கு" என்ற பயம். கடவுளை வட்டிக்குக் கொடுத்தவராக்கியது நாங்கள்தான். திருச்சபைச் சட்டம் எங்களைவிட இளகியது. 1193ஆம் பிரிவின்படி நேர்த்தி அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். தாயின் நேர்த்தி மகனின் கடன் அல்ல. 1196இன்படி, நியாயமான காரணமிருந்தால் பங்குத்தந்தையே தனிப்பட்ட நேர்த்தியிலிருந்து விடுவிக்கலாம். என்ன சொல்லி நேர்ந்தீர்கள், ஏன் முடியவில்லை என்பதை அவரிடம் விளக்கமாகச் சொன்னால் போதும். இனி நேர்வதானால் உங்களால் இயன்றதை, உங்களுக்காக மட்டும் நேருங்கள்.

இதையெல்லாம் கேட்டு, "கடவுளோடு உறவுதானே முக்கியம், பூசை என்னத்துக்கு?" என்று கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஞாயிறு பூசையை விட்டவர்கள் அந்த நேரத்தில் வீட்டில் செபிப்பதை அதிகம் காண முடிவதில்லை. செபமாலையின் 53 அருள் நிறைந்த மரியேயையும் ஓட்டமாய் ஓட்டி முடிக்கிறவர்கள், பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதியைக் குறைத்தாவது நற்செய்தியில் கொஞ்சம் வாசிக்கலாம். மாற்குவில் 16 அதிகாரங்கள்; நாளுக்கு அரை அதிகாரமென்றால் 32 நாளில் முடியும்.

கடைசியாகப் பாவசங்கீர்த்தனம், குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. "பூசைக்குப் போகேல்லை, பொய் சொன்னனான், கோபப்பட்டனான்" என்று வருடாவருடம் ஒரே பட்டியல். பக்கத்து வளவோடு எல்லைச் சண்டை, வேலிக்குக் கதியால் நட்ட நாளிலிருந்து பேச்சில்லை. அது மட்டும் பட்டியலில் வராது. மத்தேயு 5:23-24 சொல்லும் ஒழுங்கு தெளிவானது: முதலில் சகோதரனோடு சமாதானம், பிறகு காணிக்கை. எனவே கோயிலுக்குப் போகமுன் படலையைத் தட்டுங்கள். காணி பற்றி அன்றைக்குக் கதைக்கவேண்டாம், சுகம் மட்டும் விசாரியுங்கள். அவர் முகம் கொடுக்காவிட்டால் அதையும் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியிடம் சொல்லலாம். எல்லை வழக்கு நீதிமன்றத்தில் நடப்பது பாவமல்ல. வழக்கு முடியும்வரை முகம் பார்ப்பதில்லை என்று வைராக்கியம் வைத்திருப்பதைத்தான் சொல்லவேண்டும்.