கறுப்பு ஜன்னல் இல்லாமல் பிரிண்ட்

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கடை வைத்திருக்கும் என் மாமாவுக்குப் பைத்தானில் ஒரு கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். பைத்தானில் ஜன்னல் வரைய உதவும் டிகின்டர் தொகுதியால் ஆன ஜன்னலில் மல்லியின் எடையையும் விலையையும் தட்டினால் போதும். கூடவே, பிரிண்ட் கட்டளை எழுதுவதைக் காட்டும் கன்சோலும் கறுப்பாகத் திறந்து நிற்கும். “இது எதற்கு மாப்பிள்ளை?” என்று கேட்டுக்கொண்டே அதை மூடினார் மாமா. நிரலும் போயிற்று, விடியற்காலையிலிருந்து தட்டிய கணக்கும் போயிற்று.

விண்டோஸில் கோப்பின் பின்னொட்டை ‘பிஒய்’ என்பதிலிருந்து ‘பிஒய்டபிள்யூ’ என்று மாற்றினால் கன்சோல் வராது. ஆனால் பிரிண்ட் எழுதுவதும் பிழைச் செய்தியும் எங்கும் தெரியாமல் போய்விடும். எனவே முதலில் அவற்றை நம் ஜன்னலுக்குள்ளேயே காட்டுவோம், அந்த மாற்றத்தைக் கடைசியில் செய்வோம்.

படி 1: ஜன்னலின் அடிப்பகுதியில் பல வரி எழுத்தைக் காட்டும் பெட்டியான டெக்ஸ்ட் விட்ஜெட் ஒன்றை வையுங்கள்.

படி 2: ரைட், ஃப்ளஷ் என்ற இரண்டு செயற்கூறுகளோடு ஒரு கிளாஸ் எழுதுங்கள். திரையா, கோப்பா என்றெல்லாம் பிரிண்ட் பார்ப்பதில்லை. ரைட் இருக்கும் எதனிடமும் எழுத்தைக் கொடுத்துவிடும். வந்த எழுத்தை ரைட்டுக்குள் இன்சர்ட் கொண்டு விட்ஜெட்டின் கடைசியில் சேருங்கள். சீ என்ற கட்டளையால் கடைசி வரிக்கு நகர்த்துங்கள். ஃப்ளஷ்ஷுக்குள் ஒன்றும் செய்யாத பாஸ் போதும்.

இங்கேதான் நான் வழுக்கினேன். வரி முறிய வேண்டுமே என்று ரைட்டுக்குள் நானே ஒரு வரிமுறிவைச் சேர்த்தேன். ‘மல்லி 3 கிலோ’ என்ற வரிக்குக் கீழே இரண்டு வெற்று வரிகள்! பிரிண்ட் ஒரு வரிக்கு ரைட்டை இரண்டு முறை அழைக்கிறது: முதலில் எழுத்து, பிறகு வரிமுறிவு. என் முறிவு இரண்டிலும் ஒட்டிக்கொண்டது. வந்ததை அப்படியே எழுதுங்கள்.

படி 3: பிரிண்ட் எழுதும் இடமான, சிஸ் தொகுதியின் எஸ்டிடிஅவுட்டில் இந்த கிளாஸின் பொருளை வையுங்கள். பிழைச் செய்திகள் போகும் எஸ்டிடிஎர்ரிலும் அதையே வையுங்கள். இல்லாவிட்டால் பிழைகள் மட்டும் காணாமல் போகும். விட்ஜெட்டை உருவாக்கிய பிறகே இதைச் செய்ய வேண்டும்.

படி 4: பயனர் விட்ஜெட்டில் கை வைக்காதபடி அதன் நிலையை டிசேபிள்டு ஆக்கலாம். அந்த நிலையில் நிரலின் இன்சர்ட்டும் பலிக்காது. ஆகவே ரைட்டின் தொடக்கத்தில் நார்மல், முடிவில் மீண்டும் டிசேபிள்டு.

படி 5: இப்போது பின்னொட்டை மாற்றுங்கள்.

சப்ப்ராசஸ் தொகுதி மூலம் நீங்கள் இயக்கும் வேறு நிரலின் வெளியீடு இந்த வழியில் வராது. அதைப் பைப் வழியாக வாங்கி, நீங்களே பிரிண்ட் செய்ய வேண்டும்.